கையிருப்பே ஆபத்து

(விருதுநகரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அணு ஆயுதங்களைக் குவித்துப் போட்டிபோட்டதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பேசச் சென்னையில் ஆள் கிடைப்பார்கள், டெல்லியில் தேவைக்கு மேலேயே கிடைப்பார்கள். ஆனால் கேட்பதற்கு இந்தக் கந்தக பூமியைவிடத் தகுதியான சபை கிடையாது. வெடிக்கிற பொருளைக் கையால் கலந்து, கையால் அடைத்து, கையால் அடுக்கி வைத்துப் பிழைக்கிற மக்கள் நீங்கள். அந்தப் பொருளின் குணம் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் தொழிலையும் அணுகுண்டையும் ஒரே தராசில் வைத்து அவமதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நீங்கள் செய்வது தீபாவளிக்கு. அவர்கள் செய்தது வேறு எதற்கோ.

முதலில் கணக்கு. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு ஏறத்தாழ 15 கிலோ டன். அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் வலிமை. பத்து டன் ஏற்றுகிற லாரிகளில் ஏற்றினால் 1,500 லாரி வேண்டும். ஒரு நகரம் அழிய அது போதும் என்று அன்றே உலகம் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1949 ஆகஸ்ட் 29-இல் சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1952-இல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு செய்தது. 1961 அக்டோபர் 30-இல் சோவியத் யூனியன் வடதுருவப் பகுதியில் நோவாயா ஸெம்ல்யா தீவின் மேல் ஒரு குண்டை வெடித்தது. அதன் வலிமை 50 மெகா டன், அதே லாரிக் கணக்கில் 50 லட்சம் லாரி. அந்த அளவுக்கு இலக்கு எந்த ஊர் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படி ஓர் ஊரே பூமியில் இல்லை. எதிராளி பார்க்க வேண்டும் என்பதற்காக வெடித்த வெடி அது.

1986 வாக்கில் உலகத்தில் இருந்த அணு ஆயுதங்கள் ஏறத்தாழ 70,000. பெரும்பாலும் இந்த இரண்டு பேர் கையில். அமெரிக்கா 1940 முதல் 1996 வரை அணு ஆயுதத்துக்காக மட்டும் ஐந்தரை லட்சம் கோடி டாலர் செலவழித்திருக்கிறது என்று அந்த நாட்டு ஆய்வாளர்களே கணக்குப் போட்டு 1998-இல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

ஏன் இவ்வளவு? பயம் ஒரு காரணம். பயத்தை ஊதிப் பெருக்கிய அரசியல் இன்னொரு காரணம். 1960-இல் கென்னடி அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, ஏவுகணையில் ரஷ்யர்கள் நம்மை முந்திவிட்டார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். பதவிக்கு வந்த பிறகு உளவுத் தகவல் தெளிவானது. அமெரிக்காவைத் தாக்கும் தூரம் செல்லும் ஏவுகணைகள் ரஷ்யர்களிடம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. முந்தியிருந்தது அமெரிக்காதான். அது தெரிந்த பிறகாவது உற்பத்தியைக் குறைத்தார்களா? கூட்டினார்கள். அதைப் பார்த்து அவர்களும் கூட்டினார்கள்.

இங்கே சிவகாசி பக்கம் வருகிறேன். 1884-இல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம் இன்றும் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. அதன்கீழ் 2008-ஆம் ஆண்டு விதிகள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று, உரிமம் தரும் அலுவலகத்தை வைத்து நீங்களே பேச்சு வழக்கில் தரம் பிரித்து வைத்திருக்கிறீர்கள். விதிகள் என்ன சொல்கின்றன? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும். மருந்து இவ்வளவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. கலந்த மருந்தை மீதம் வைக்கக் கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. உராய்வு வரும் என்பதால் இரும்புக் கருவி கூடாது. உள்குத்தகைக்கு விடக் கூடாது.

இந்த விதிகளில் எங்கேயாவது, தொழிலாளி நல்லவனா கெட்டவனா, முதலாளிக்குக் கெட்ட எண்ணம் உண்டா என்ற கேள்வி வருகிறதா? வராது. எல்லோரும் நல்லவர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதிய விதிகள் இவை. நல்லவர் கையிலும் சாமான் நழுவும், நல்லவர் அறையிலும் வெயில் ஏறும். ஆகவே குவித்து வைப்பதே ஆபத்து என்பதுதான் இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் ஒரே எண்ணம். பக்கத்து யூனிட்காரன் ஐம்பது மூட்டை வைத்திருக்கிறான், ஆகவே என் பாதுகாப்புக்காக நான் நூறு மூட்டை வைக்கிறேன் என்று ஒரு போர்மேன் சொன்னால், அன்றைக்கே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிடுவீர்கள். வல்லரசுகள் நாற்பது ஆண்டுகள் சொன்னது அதைத்தான். அதற்கு ராஜதந்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் பார்த்தோம், ஏறத்தாழ நாற்பது உயிர். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் பார்த்தோம், இருபதுக்கு மேல். இந்த அரங்கில் அந்தக் குடும்பங்களுக்கு உறவானவர்கள் இருக்கக்கூடும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

வல்லரசுகள் பக்கத்து விபத்துகளைச் சொல்கிறேன். 1961 ஜனவரி 24 அன்று வட கரோலினாவில் கோல்ட்ஸ்பரோ என்ற ஊருக்கு மேலே ஓர் அமெரிக்கப் போர் விமானம் வானத்திலேயே உடைந்தது. அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. சொந்த நாட்டில், சொந்த வயல்களில். அதில் ஒன்று வெடிக்காமல் போனதற்கு ஒரே ஒரு சுவிட்சுதான் காரணம் என்று பிறகு அரசாங்கப் பொறியாளரே எழுதி வைத்தார்.

நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டியது 1980-இல் நடந்தது. அர்கன்சாஸ் மாநிலத்தில் டமாஸ்கஸ் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே நிலத்துக்கு அடியில் ஒரு டைட்டன்-2 ஏவுகணை. அதன் தலையில் 9 மெகா டன் குண்டு. செப்டம்பர் 18 மாலை, வழக்கமான பராமரிப்பு. வேலை பார்த்த இளைஞர் எடுத்துவர வேண்டிய கருவியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வந்திருந்தார். அதிலிருந்து மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு சாக்கெட் கழன்று கீழே விழுந்தது. விழுந்து, மோதித் தெறித்து, ஏவுகணையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. எரிபொருள் கசியத் தொடங்கியது. இரவெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் அதிகாரிகள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் வெடித்தது. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 700 டன்னுக்கு மேல் எடையுள்ள மூடி பறந்துபோய் விழுந்தது. குண்டும் வெளியே எகிறி விழுந்தது, ஆனால் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் நம் லாரிக் கணக்கில் ஒன்பது லட்சம் லாரி. காரணம் ரஷ்யர்களா? கை தவறி விழுந்த ஒரு ஸ்பேனர் சாக்கெட்.

இதைக் கேட்கிறபோது சாத்தூர் பக்கத்துப் போர்மேன் ஒருவர் தலையை ஆட்டுவார். அமெரிக்க விமானப்படைத் தளபதியைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும்.

சோவியத் பக்கம் மட்டும் ஒழுங்கா? 1957 செப்டம்பர் 29-இல் யூரல் மலைப்பகுதியில் மாயக் என்ற ரகசிய அணு ஆலையில் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, கழிவு காய்ந்து, அதிலிருந்த நைட்ரேட் உப்புகள் சூடேறி வெடித்தன. நைட்ரேட் காய்ந்தால் என்ன குணம் காட்டும் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டாம். கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரவியது. பல கிராமங்களைக் காலி செய்தார்கள், காரணம் சொல்லவில்லை. சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1989-இல். அமெரிக்க உளவுத் துறைக்கு இது முன்பே தெரியும். அவர்களும் வாய் திறக்கவில்லை. எதிரி செய்த தவறைக்கூட வெளியே சொல்லாத அளவுக்கு அந்தத் தொழிலில் இருவருக்கும் ஒரே அக்கறை இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் அருவருப்பாகப்பட்ட இடம் இது.

இனி, இந்தப் போட்டியை எதிர்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ராஜாஜி. காமராஜர் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தவரைப் புகழ்வதா என்று முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் என்னைப் பார்ப்பது தெரிகிறது. அந்தத் திட்டத்தைப் புகழ நான் வரவில்லை. 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சர் பதவியை விட்டதும், காமராஜர் அந்த நாற்காலிக்கு வந்ததும் தமிழ்நாட்டுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. ஆனால் அந்தக் காலத்தை ஒட்டி உலகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது, 15 மெகா டன். ஆபத்து என்று அறிவித்த எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் 23 பேர் மேலும் சாம்பல் விழுந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி நேரு மக்களவையில் எழுந்து, உடன்பாடு வருகிற வரைக்கும் சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார். உலகத் தலைவர்களில் இந்தக் கோரிக்கையை முதலில் வைத்தவர் அவர். பதவி விட்டு வந்த ராஜாஜி அந்த வேலையைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார். கடிதம், கட்டுரை, மேடை என்று எட்டு ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தரப்பாவது தானாக முன்வந்து நிறுத்தட்டும், மற்றவர் நிறுத்துவாரா என்று காத்திருக்க வேண்டாம் என்பது அவர் வாதம்.

அவர் எதற்கு அஞ்சினார் என்பதைச் சிவகாசி மொழியில் சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கிறது. மத்தாப்பில் பச்சை எரிய பேரியம், 2018-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்ட அதே பேரியம். சிவப்பு எரிய ஸ்ட்ரான்சியம். உங்கள் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் கதிர்வீச்சு இல்லாத சாதுவான சரக்கு. அதற்கு ஸ்ட்ரான்சியம்-90 என்று ஒரு பங்காளி உண்டு. பூமியில் இயற்கையாகக் கிடைக்காது, அணுகுண்டு வெடித்தால் பிறக்கும். மழையோடு புல்லில் இறங்கி, மாட்டின் வயிற்றுக்குள் போய், பாலில் வரும். நம் உடம்புக்கு அதற்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஆகவே குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேரும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர்களும் தாய்மார்களும் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. சோதித்துப் பார்த்தால், சோதனைகள் பெருகப் பெருகப் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 கூடியிருந்தது. அந்த இருவருக்கும் இடையே நேரடிப் போர் இல்லாத காலத்தில் இது நடந்தது.

1958 முதல் மூன்று ஆண்டுகள் இரு தரப்பும் சோதனையை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1961 செப்டம்பரில் சோவியத் யூனியன் மீண்டும் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவும் வானில் வெடிக்கத் தொடங்கியது. 1962 என்ற ஒரே ஆண்டில் உலகத்தில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள். அந்த ஜூன் மாதம் டெல்லியில் காந்தி அமைதி நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. அதன் தொடர்ச்சியாக ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் மூவரும் செப்டம்பரில் அமெரிக்கா போனார்கள். ராஜாஜிக்கு அப்போது வயது 83. மேற்கு நாடுகளுக்கு அதற்கு முன் அவர் போனதே இல்லை. வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ராஜாஜி சுதந்திராக் கட்சியை நிறுவியவர், அன்று நேருவின் கடுமையான எதிரி. அமெரிக்காவுக்குச் சாதகமான கட்சி என்று அந்தக் கட்சிக்குப் பெயர். அந்த மனிதர் அமெரிக்காவுக்கே போய், நீங்கள் முதலில் நிறுத்துங்கள் என்று கேட்டார். தன் பக்கத்து ஆளிடம் போய் நிறுத்து என்று சொல்வதுதான் அரசியலில் கடினம். எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல எல்லோராலும் முடியும்.

கென்னடி நிறுத்தினாரா? உடனே இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கியூபா நெருக்கடி வந்தது. சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை நிறுத்தியிருப்பதை அமெரிக்க விமானம் படம் பிடித்தது. அக்டோபர் 27 அன்று, கடலுக்கடியில் இருந்த சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் பி-59-ஐ மேலே வரவைக்க, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சத்தத்துக்காகச் சிறிய பயிற்சிக் குண்டுகளை வீசின. உள்ளே வெப்பம், மூச்சுத் திணறல், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். வசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி பேசித் தடுத்தார். அந்தக் கப்பலில் அணுகுண்டு இருப்பது மேலே குண்டு வீசியவர்களுக்குத் தெரியாது. அதே அக்டோபர் 20-ஆம் தேதி நம் எல்லையில் சீனப் படை புகுந்திருந்ததால் இந்தியாவின் கவனமெல்லாம் அங்கே. நம் தாத்தாக்கள் இமயமலையைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்த வாரத்தில் உலகமே முடிந்திருக்கலாம்.

அந்தப் பயத்தில்தான் புத்தி வந்தது. 1963 ஜூனில் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடித் தொடர்புக் கம்பி போட உடன்பட்டார்கள். ஆகஸ்ட் 5-இல் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்ட் 8-இல் இந்தியாவும் கையெழுத்திட்டது. இது ராஜாஜியால் வந்தது என்று சொன்னால் அது பொய். அந்தப் பாட்டுக்கு அவரும் ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். நிலத்தடிச் சோதனைகள் அதன் பிறகும் நடந்தன.

நம் ஊர்க்காரர் காமராஜருக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 1964 அக்டோபர் 16-இல் சீனா அணுகுண்டு வெடித்தது. அடுத்த மாதம் குண்டூரில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, நாமும் குண்டு செய்ய வேண்டும் என்று பெரிய முழக்கம். கட்சித் தலைவர் காமராஜர், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. சாஸ்திரி குண்டு வேண்டாம் என்று நின்றார், கட்சியின் நிலையும் அன்றைக்கு அப்படியே நின்றது. அந்த நிலை பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1974 மே 18-இல் பொக்ரானில் வெடித்தோம். 1998 மே மாதம் மறுபடியும். அதே மாதக் கடைசியில் பாகிஸ்தான் வெடித்தது. வல்லரசுகளைத் திட்டிக்கொண்டிருந்த நாம் சின்ன அளவில் அதே பாதையில் இறங்கினோம். 1998-இல் ஊர் ஊராக வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அந்த வெடியும் இங்கேயிருந்து போனதுதான்.

அந்த ஆயுதங்கள் இருந்ததால்தானே மூன்றாம் உலகப் போர் வரவில்லை என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்கள் நிறையப் பேர் நம்புகிறார்கள். கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கிறது, பயம் இருவர் கையையும் கட்டியது. ஆனால் “முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலியே” என்று விதி மீறிய யூனிட்டில் சொல்வார்களே, அந்தப் பேச்சுதான் இதுவும். ஆகாமல் போனதற்குக் காரணம் திட்டமா, அதிர்ஷ்டமா? 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கணினி ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்ட சூரிய ஒளியைத் தவறாகப் படித்திருந்தது. காவலில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், ஐந்தே ஐந்து ஏவுகணையோடு யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அன்று வேறு ஆள் பணியில் இருந்திருந்தால்?

சிவகாசிக்கு மேலே உரிமம் தரும் நாக்பூர் அலுவலகம் இருக்கிறது, விதி மீறினால் லைசென்ஸ் போகும். வல்லரசுக்கு மேலே யாரும் இல்லை. ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் சோதிக்கிற விதியைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. எழுதினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் வியப்பு. 1987 டிசம்பர் 8-இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள். அமெரிக்கச் சோதனையாளர்கள் வோத்கின்ஸ்க் ஏவுகணை ஆலையின் வாசலில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, வெளியே வரும் சரக்கைப் பார்த்தார்கள். ரஷ்யர்கள் அமெரிக்க ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். நட்பு வந்து செய்ததில்லை இது, சந்தேகத்தோடேயே செய்தது. எழுபதாயிரம் இன்று பன்னிரண்டாயிரம் அளவுக்குக் குறைந்ததற்கு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களே பெரிய காரணம். அதிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த இருவரிடம். ஆனால் அந்த 1987 ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் செத்தது. 2010-இல் பிராகில் கையெழுத்தான புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம், ஏவத் தயாராக நிறுத்திய தொலைதூர அணுகுண்டுகளுக்கு ஒவ்வொருவருக்கும் 1,550 என்று உச்சவரம்பு வைத்தது. அதன் காலமும் 2026 பிப்ரவரி 5-இல் முடிந்தது. அதற்கு மேல் நீட்டிக்க அதில் இடம் இருக்கவில்லை.

நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே இருப்பது என்ன? அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988-இல் ஓர் ஒப்பந்தம். அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, சண்டை நடந்த ஆண்டுகளிலும். ஏவுகணைச் சோதனைக்கு முன்கூட்டித் தகவல் சொல்வதென்று 2005-இல் ஒன்று. விபத்து நடந்தால் தெரிவிப்பதென்று 2007-இல் ஒன்று. எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் குண்டு இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. வழக்கமான பராமரிப்பின்போது நடந்த கோளாறு என்று நம் அரசு சொன்னது. பிறகு மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். டமாஸ்கஸில் நடந்ததும் வழக்கமான பராமரிப்புதான்.

இது நிபுணர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வெடிபொருள் இருப்பைப் பற்றிக் கேள்வி கேட்க இந்த மாவட்டத்து வாக்காளருக்கு இருக்கும் தகுதி வேறு யாருக்கும் கிடையாது. அடுத்த தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போக உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், பட்டாசுத் தொழிலைப் பற்றிக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: இந்தியாவும் பாகிஸ்தானும் இருப்புக்கு ஓர் உச்சவரம்பு பேச, நீங்கள் அவையில் எழுந்து ஒரு கேள்வியாவது கேட்பீர்களா? பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.